பிணமில்லாத சவ ஊர்வலம்

நியூ ஆர்லியன்ஸில் மரபுப்படி சாவு ஊர்வலம் என்றால் பாண்டு வாத்தியம் வந்தாக வேண்டும். ட்ரம்பெட், ட்ராம்போன், வாசிப்பவரின் உடம்பையே சுற்றிக்கொள்ளும் சூசஃபோன், பெரிய முரசு. இடுகாடு போய்ச் சேரும்வரை அடி மேல் அடி வைத்து, அழுதபடி வாசிப்பார்கள். இறந்தவருக்கு விடை கொடுத்ததும் முரசு துள்ளத் தொடங்கும். பின்னால் வரும் கூட்டம் குடையைச் சுழற்றும், கைக்குட்டையை வீசும், தெருவே சேர்ந்து ஆடும். பறையடித்து ஆடிப் பாடிப் பெரியவர்களை வழியனுப்பும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

2001-ஆம் ஆண்டு அந்த ஊர்த் தெருவில் ஒரு சவ ஊர்வலம் கிளம்பியது. இழவு கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பிணம் இல்லை. நடந்து வந்தவர்கள், லூசியானா மாநிலத்தின் இளையோர் சிறைகளில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளின் அம்மாக்கள், உறவினர்கள், நண்பர்கள். பிள்ளைகள் உயிரோடுதான் இருந்தார்கள். சிறைக்குள் செத்துக்கொண்டிருந்த அவர்களுடைய பிள்ளைப்பருவத்துக்கும் கனவுகளுக்கும்தான் அந்தத் துக்கம்.

என்ன ஒரு யோசனை! இதைப் பற்றி முதன்முதலில் படித்த அன்றே நான் இந்த அம்மாக்களின் இயக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். வழக்கமான ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தால் ஊர்க்காரர் ஒதுங்கிப் போவார். சாவு ஊர்வலத்தைக் கண்டால் நிற்பார், தொப்பியைக் கழற்றுவார், “யார் போனது?” என்று கேட்பார். கேட்டுவிட்டாரா, போதும். பதில் சொல்ல ஓர் அம்மா பக்கத்திலேயே நடந்து வருகிறாள்!

இந்த அம்மாக்கள் பின்னாளில் சட்டத்தையே மாற வைத்தார்கள். ஆனால் சட்டம் மாறுகிற கதையில் நமக்குக் கடைசிக் காட்சியைத்தான் காட்டுவார்கள். ஆளுநர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், படம் செய்தித்தாளில் வரும். எனக்கு அந்தப் படத்தைவிட அதற்கு முன்னால் நடந்ததெல்லாம்தான் வேண்டும். யார் யாருக்கு முதலில் போன் செய்தார்கள், யார் யாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பேசப் பயந்தவரை எப்படிப் பேச வைத்தார்கள்? வாருங்கள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடுவோம்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். டலூலா என்பது லூசியானாவின் வடகிழக்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றுக்கு அருகில் இருக்கும் சின்ன, ஏழை ஊர். 1994-இல் அங்கே ஓர் இளையோர் சிறை திறந்தார்கள். நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். 1998-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் உள்ளே நடப்பதை முதல் பக்கத்தில் போட்டது. 11 வயதுப் பையன் முதல் 20 வயது இளைஞன் வரை ஒரே வேலிக்குள் இருந்தார்கள். அடி, உதை, போதாத சாப்பாடு, பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். அதே ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நீதித்துறை லூசியானா அரசின் மீது வழக்குத் தொடுத்தது. தனியாரிடமிருந்து பொறுப்பை எடுத்துக்கொண்டு மாநில அரசே நடத்தத் தொடங்கியது, பெயரையும் மாற்றியது. ஆனால் இடம் அதே இடம், அடிபட்டவர்களும் அதே பிள்ளைகள்தான். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினச் சிறுவர்கள்.

பத்திரிகை எழுதியாயிற்று, வழக்கும் நடக்கிறது. அப்புறம் எதற்கு இயக்கம்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

டேவிட் அட்டர் என்ற வழக்கறிஞர் 1997-இல் நியூ ஆர்லியன்ஸில் லூசியானா இளையோர் நீதித் திட்டம் என்றொரு சட்ட அமைப்பைத் தொடங்கியிருந்தார். சிறைப்பிள்ளைகளுக்காக வழக்காடுவது அதன் வேலை. பிள்ளைகளின் பெற்றோர் அங்கே கூப்பிட்டபடி இருந்தார்கள். மகனை எப்போது பார்க்கலாம் என்று கேட்பார்கள். முகம் வீங்கியிருக்கிறதே, ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அங்கே வேலை பார்த்த ஜீனா வோமாக் என்ற பெண் அந்தக் குரல்களைச் சட்ட விஷயமாக மட்டும் பார்க்கவில்லை. வீட்டில் தனியாக அழுகிற இத்தனை பேரை ஒரே அறையில் உட்கார வைத்தால் என்ன என்று யோசித்தார். பெற்றோர் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம் அப்படித்தான் உருவாயிற்று. மசோதா, ஊர்வலம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. அந்த ஆறுதல் கூட்டம்தான் வளர்ந்து, லூசியானாவில் சிறைப்பட்ட பிள்ளைகளின் குடும்பத்தார் நண்பர்கள் அமைப்பு ஆனது.

அந்த அறையில் தீர வேண்டிய முதல் கணக்கு அரசோடு அல்ல, வெட்கத்தோடு. பிள்ளை சிறைக்குப் போனால் ஊர் யாரைக் கேட்கும்? அம்மாவைத்தான். “நீ வளர்த்த லட்சணம்” என்று சொந்தக்காரர் சொல்வார், நீதிபதி சொல்வார், சிறை அதிகாரியும் சொல்வார். கேட்டுக் கேட்டு அவளே நம்பிவிடுவாள். பக்கத்து வீட்டில் “பையன் எங்கே?” என்றால் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரு கூட்டத்துக்கு வருகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவள் தன் மகனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால், தன் வீட்டுக் கதை வரிக்கு வரி அங்கே ஓடுகிறது. ஒருத்தி வீட்டில் நடந்தால் வளர்ப்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். அறை முழுக்க அதே கதை என்றால் குற்றம் வேறு எங்கோ இருக்கிறது! அந்தக் கண்டுபிடிப்பு நடக்கிற சாயங்காலத்தை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. இந்த இயக்கத்தின் எஞ்சின் அதுதான் என்பேன்.

கிரேஸ் பாயர் அந்த வழியாக வந்தவர். மாநிலத்தின் தென்மேற்கே லேக் சார்ல்ஸ் பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்காரத் தாய். வண்டியிலிருந்து ஸ்டீரியோ திருடிய வழக்கில் 13 வயது மகன் டலூலாவுக்குப் போய்விட்டான். அரசு பிள்ளையைத் திருத்தி அனுப்பும் என்று நம்பியவர், உள்ளே அவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்ததும் போராளி ஆனார். கறுப்பினத் தாய்மார்களோடு தோளோடு தோள் நின்றார், தன் ஊரில் அமைப்பின் கிளையை வளர்த்தார், பிற்பாடு நாடு முழுவதும் சிறைப்பிள்ளைகளின் குடும்பங்களைத் திரட்டும் வேலைக்கே போய்விட்டார். தெற்கு மாநிலம் ஒன்றில் நிறம் தாண்டி இப்படிச் சேர்வது லேசான காரியமா?

இனி கொஞ்சம் அடுக்களை வேலை. லூசியானாவில் தூரம் அதிகம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து டலூலா போகக் காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். கார் இல்லாத அம்மா மகனைப் பார்க்கவே முடியாது. ஆகவே இப்படிப்பட்ட இயக்கத்தில் கொள்கை விளக்கத்துக்கு முன்னால் வண்டிதான் வந்து நிற்கும். யாரிடம் கார் இருக்கிறது, பெட்ரோல் காசு எங்கிருந்து வரும், போகும் வழியில் யாரை ஏற்றிக்கொள்ளலாம்? கூட்டம் வைத்தால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேலை முடித்து நேரே வருகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். இதையெல்லாம் சில்லறை வேலை என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. சாப்பாடு போடாத கூட்டத்துக்கு இரண்டாம் தடவை யார் வருவார்கள்?

சட்டமன்றம் இருப்பது பேட்டன் ரூஜ் நகரில். அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமே! 34 மாடி, 450 அடி உயரம். அமெரிக்க மாநிலச் சட்டமன்றக் கட்டடங்களிலேயே இதுதான் உயரம். ஹியூயி லாங் என்ற அரசியல்வாதி முன்னின்று கட்டி, 1932-இல் திறந்தது. முகப்பில் அகன்ற கருங்கல் படிகள், படிகளில் மாநிலங்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. அதன்முன் நிற்கிற எவருக்கும் தான் சிறிய ஆள் என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றே கட்டியிருப்பார்கள் போல.

ஆனால் உள்ளே, கமிட்டி அறை வாசலில், எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்று காத்திருக்கிறது. சாட்சி அட்டை! மசோதாவை ஆதரிக்கிறவருக்குப் பச்சை, எதிர்க்கிறவருக்குச் சிவப்பு, தகவல் மட்டும் சொல்ல வந்தவருக்கு வெள்ளை. பெயர், முகவரி, மசோதா எண், யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பேச விருப்பமா இல்லையா என்றும் அதிலேயே குறிக்கலாம். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பேசத் துணிச்சல் இல்லையா, குரல் உடைந்துவிடும் என்று பயமா, பரவாயில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். தலைவர் அந்தப் பெயர்களை வாசித்துப் பதிவில் ஏற்றுவார். பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பாட்டியும் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஆள் திரட்டுகிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்குமா? ஒரு வேன் நிறைய ஆட்களை இறக்கினால் மேசை மேல் ஒரு கட்டு அட்டை. வக்கீல் பேச்சில் அசையாத உறுப்பினரும் அந்தக் கட்டின் கனத்தைப் பார்ப்பார். தன் தொகுதி முகவரி எத்தனை என்று எண்ணியும் பார்ப்பார்.

பேசுகிறவர்களுக்கு ஒத்திகை உண்டு. கிடைப்பதோ சில நிமிடங்கள். அம்மாவிடம் இருப்பதோ வருடக்கணக்கான துயரம். அனுபவமுள்ள அமைப்பாளர் முதலில் முழுக் கதையையும் கேட்பார், குறுக்கே பேச மாட்டார். அப்புறம் கேட்பார்: இதில் எந்த ஒரு நாளை அவர்கள் மறக்கவே கூடாது? அந்த நாளைப் பிடித்துக்கொண்டு பேச்சைக் கட்டுவார்கள். நான் யார், என் பிள்ளைக்கு என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். கடைசிப் பகுதிதான் பலருக்கு நழுவும். அழுது முடித்துவிட்டு “இந்த மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுங்கள்” என்று சொல்லாமல் எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வைப்பார்கள். சொல்லக் கூடாததையும் பேசி வைப்பார்கள். பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறான், இன்று இங்கே பேசினால் நாளை அங்கே அவன் மேல் கை வைப்பார்களா என்ற கேள்வி எல்லா அம்மாவின் நெஞ்சிலும் இருக்கும். அதற்கு யாரும் எளிய பதில் சொல்லிவிட முடியாது. தெரிந்தே பேசினார்கள். அவர்களை எந்த வார்த்தையால் பாராட்டினாலும் எனக்குப் போதவில்லை.

கண்ணீர் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். டலூலாவை மூட அரசியல்வாதிகள் ஏன் தயங்கினார்கள் என்று தோண்டியபோது கிளம்பியது பணம். சிறையைக் கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கடனை அடைக்கிற பாரம் ஒப்பந்தப்படி மாநிலத்தின் தலையில். உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் 30 லட்சம் டாலருக்கு மேல் கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் மாநிலத்தின் கடன் மதிப்பே சரியும் என்று நிதிச் சந்தையிலிருந்து மிரட்டல் வந்தது. பிள்ளைகளைப் பற்றிய விவாதம் என்று நினைத்து உள்ளே போனால், அங்கே வட்டிக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது! இப்படி ஒரு காகிதத்தைக் கண்டெடுத்து வெளியே போடுகிறவர்களும் தெருவில் பாண்டு அடிக்கிறவர்களும் ஒரே இயக்கத்தில் இருந்ததுதான் இதன் அழகு.

மூடினால் பிள்ளைகளை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கு மிசூரி மாநிலம் பதில் வைத்திருந்தது. பூன்வில் என்ற ஊரில் இருந்த பெரிய சீர்திருத்தப் பள்ளியை 1983-லேயே மூடிவிட்டு, பிள்ளைகளின் ஊருக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன இல்லங்களை அமைத்திருந்தார்கள். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர், சீருடை கிடையாது, சொந்த உடுப்பு, கைவிலங்குக்குப் பதில் பேச்சும் படிப்பும். லூசியானாவின் சீர்திருத்தக்காரர்கள் இதை உதாரணமாகக் காட்டினார்கள். நடக்கவே நடக்காது என்று சொல்லும் வாயை அடைக்க, நடந்துகொண்டிருக்கிற ஓர் இடத்தைக் காட்டுவதற்கு ஈடில்லை.

2003-இல் இளையோர் நீதிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. எண் 1225. செனட்டர் டொனால்ட் கிராவின்ஸும், பிற்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் மேயரான மிட்ச் லாண்ட்ரூவும் சட்டமன்றத்தில் முன்னின்றார்கள். ஆளுநர் மைக் ஃபாஸ்டர் கையெழுத்திட்டார். டலூலாவில் இனிப் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது! அடுத்து வந்த ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ காலத்தில், 2004-இல், பிள்ளைகள் அங்கிருந்து வெளியேறினார்கள். இளையோர் துறையைப் பெரியவர்களின் சிறைத்துறையிலிருந்து பிரித்து நடத்தத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் 2000-ஐ நெருங்கிய சிறைப்பிள்ளைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் சில நூறுகளுக்கு இறங்கியது.

மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு முள்ளும் உண்டு. அந்த ஊர் மக்களும் இயக்கத்தினரும் கட்டடத்தைக் கல்வி மையமாக்கக் கேட்டார்கள். வேலை வாய்ப்பு வேண்டும்தான், ஆனால் அது சிறையாகவே இருக்க வேண்டுமா என்பது டலூலா மக்களின் நியாயமான கேள்வி. கேட்டது கிடைக்கவில்லை. கட்டடம் பெரியவர்களை அடைக்கப் போய்விட்டது. வெற்றியைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப் போட்டபோது, நகரச் சிறையில் இருந்த பிள்ளைகள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். எந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோகப்பட்டது என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள். வழக்கறிஞர்கள் அந்தப் பிள்ளைகளிடமே பேசி, நடந்ததை அறிக்கையாக்கி அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள்.

2016-இல் இன்னொரு பெரிய நாள். அதுவரை 17 வயதுப் பிள்ளை பிடிபட்டால் லூசியானா சட்டம் அவனைப் பெரியவனாகத்தான் நடத்தியது. ஓட்டுப் போட வயது வரவில்லை, ஆனால் பெரியவர்களின் சிறைக்குப் போக வயது வந்துவிட்டது! அதை மாற்றும் சட்டத்தில் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் கையெழுத்திட்டார். 17 வயதினர் இளையோர் நீதிமன்றத்துக்கு வர வழி பிறந்தது.

இந்த வேலையில் உட்கார நேரமே கிடையாது. 2022-இல் அரசு சில பிள்ளைகளை அங்கோலா சிறைக்கு மாற்றியது. பெரியவர்களுக்கான அந்தச் சிறையில், ஒரு காலத்தில் மரண தண்டனைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தில்! குடும்பங்கள் மறுபடி எழுந்தன, ஜீனா வோமாக் மறுபடி முன்னால் நின்றார், வழக்கு நடந்தது. 2023 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஷெல்லி டிக் பிள்ளைகளை அங்கிருந்து வெளியேற்ற உத்தரவிட்டார். 2024-இல் புதிய ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியின் ஆட்சி, 17 வயதினரைப் பற்றிய அந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டது. பல ஆண்டு உழைப்பு ஒரு கூட்டத்தொடரில் கரைந்தது. அது நடந்த வாரம் இந்த இயக்கத்தின் அறைகளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே வலிக்கிறது.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்! மாநில அரசியலமைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்குப் பிள்ளையைப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்று 16 குற்றங்களை அது வரையறுக்கிறது. அந்த வரம்பை எடுத்துவிட்டு, சட்டமன்றம் விரும்பும் குற்றத்தைச் சேர்த்துக்கொள்ள வழி செய்யும் திருத்தத்தை அரசு மக்கள் ஓட்டுக்கு விட்டது. தேதி 2025 மார்ச் 29. பெரிய தேர்தல் எதுவும் கூட இல்லாத ஒரு சனிக்கிழமை. ஓட்டுப் போட ஆளே வராது என்பதுதான் பொது எதிர்பார்ப்பு. அதே சீட்டில் வரி, நீதிமன்றம் என்று இன்னும் மூன்று திருத்தங்கள்.

இங்கேதான் இயக்கத்துக்குப் பழைய அடுக்களைப் பாடமெல்லாம் கைகொடுத்தது. நான்கு திருத்தங்களையும் சட்ட மொழியில் விளக்க உட்கார்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே நான்கையும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்ற ஒரே செய்தி. இதில் மூன்றாவது பிள்ளைகளைப் பற்றியது என்று சொன்னால் போதும், கேட்டவருக்குத் தன் வீட்டுப் பையன் நினைவுக்கு வந்துவிடுவான். கதவு தட்டினார்கள், போன் செய்தார்கள், முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களிலேயே ஆட்களை அனுப்பினார்கள். பதிவு பெற்ற வாக்காளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள், எதிர்பார்த்ததைவிட நிறையவே அதிகம். நான்கு திருத்தமும் தோற்றன! பிள்ளைகளைப் பற்றிய மூன்றாவதற்கு விழுந்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு ‘வேண்டாம்’. ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பு ட்ரம்புக்குப் பெரும் வித்தியாசத்தில் வெற்றி கொடுத்த மாநிலம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை விஷயத்தில் அவர்கள் கட்சி பார்க்கவில்லை.

17 வயதினரின் சட்டம் இன்னும் மீளவில்லை. அதை மீட்கிற வேலை பேட்டன் ரூஜில்தான் நடந்தாக வேண்டும்.